பழைய டீசல் காருக்குப் புது சைலன்சர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து சைலன்சர் தொடர்பாக வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் டீசல் காருக்கு வயது 15. ஒரு மாதமாக லாரி மாதிரி உறுமுகிறது. சைலன்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதுதான் கோளாறு என்று நானே உறுதிசெய்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. காதை மட்டும் நம்பாதீர்கள். பின்பக்க ஓட்டையின் சத்தம் தரையில் பட்டு முன்பக்கம் கேட்கும். முன்பக்கக் கசிவு குழாய் வழியாகப் பின்னால் வந்து ஏமாற்றும். டீசலில் ஒரு வசதி, கசிகிற இடம் கரி பூசிக்கொண்டு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டார்ச்சுடன் மேனிஃபோல்டில் (இன்ஜினோடு ஒட்டியிருக்கும் முதல் புகைக்குழாய்) தொடங்கி ஃப்ளெக்ஸிபிள் பைப் (வளைந்துகொடுக்கும் குழாய்), நடு சைலன்சர், பின் சைலன்சர் என்று வரிசையாகப் பாருங்கள். ஏதாவது ஒரு ஜாயிண்டைச் சுற்றி விசிறி விரித்த மாதிரி கறுப்பு படிந்திருந்தால் கசிவு அங்கேதான்.

பின் சைலன்சரில் முதலில் ஓட்டை விழும் இடங்கள் மூன்று: மூடித் தகடு மடிந்திருக்கும் விளிம்பு, குழாய் உள்ளே நுழையும் வெல்டிங், அடிவயிறு. இந்த மூன்றிலும் பழைய ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு கிண்ணென்று எதிர்க்கும். உளுத்த தகடு அப்பளம்போல உடையும், அல்லது மெத்தென்று உள்ளே அமுங்கும். பிறகு ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு. உள்ளே சலசலவென்று துருத்தூள் கொட்டினாலோ, தகடு ஒன்று தளர்ந்து ஆடினாலோ, வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்த சைலன்சரின் ஆயுள் முடிந்தது.

இன்னும் சந்தேகம் இருந்தால், இன்ஜினை ஓட்டாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று: டெயில் பைப்பில் ஒரு புளோயரின் வாயை வைத்து, இடைவெளியைத் துணியால் அடைத்து, காற்றை உள்ளே தள்ளுங்கள். ஜாயிண்டுகளிலும் சைலன்சர் விளிம்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும். இரண்டாவது ஆள் இருந்தால் இந்த வேலை பத்தே நிமிடம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறிய பிறகு மறைந்துவிடுகிற சத்தம் என்றால் சந்தேகத்தை முன்பக்கம் திருப்புங்கள். அது பெரும்பாலும் மேனிஃபோல்டு பேக்கிங். அதற்கு சைலன்சரை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் கார் அதிகம் ஓடுவதே இல்லை. கடைக்கும் பள்ளிக்கும் போய்வருவதோடு சரி. இருந்தும் நாலே வருடத்தில் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. தரமில்லாத சாமானா?

பதில்: சாமானைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. குழாய் சூடாக இருந்தால் ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் உள்ளேயே நீராகப் படியும். இன்ஜினிலிருந்து மிகத் தொலைவில், எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சூடேறுவது பின் சைலன்சர்தான். போதாததற்கு, மெதுவாக ஓடும்போது டீசல் புகையின் வெப்பம் பெட்ரோலைவிடக் குறைவு. நீங்கள் பத்து நிமிடத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். சைலன்சரின் அடியில் அரை டம்ளர் தண்ணீர் அப்படியே தங்குகிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அந்த நீரை அமிலமாக்கும். உள்ளே படிந்த கரி ஈரத் துணிபோல அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே ஒரு புள்ளி துரு தெரியும்போது உள்பக்கம் எப்போதோ போயிருக்கும்.

ஆகவே குறைவாக ஓடும் கார்தான் சைலன்சரைச் சீக்கிரம் தின்னும். வாரத்துக்கு ஒருமுறையாவது முப்பது, நாற்பது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய 2, 3 மில்லிமீட்டரில் ஒரு சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடைக்கக் கூடாது. கரி அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள்.

கேள்வி: ஓட்டை சின்னது. மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதாதா?

பதில்: ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. நேர்க்குழாயில் ஒரு கல் பட்டோ, கிளாம்ப் அரித்தோ ஓட்டை விழுந்து, சுற்றிலும் தகடு கெட்டியாக இருந்தால் வெல்டிங் நல்ல தீர்வுதான். சைலன்சரின் உடம்பில் என்றால் வேண்டாம். மேலே சொன்னபடி அரிப்பு உள்ளிருந்து வருவதால், ஓட்டைக்குப் பக்கத்துத் தகடும் காகிதமாகியிருக்கும். வெல்டிங் தீ பட்டதும் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். எப்படியோ ஒட்டிவிட்டாலும் சில மாதத்தில் ஒட்டின் ஓரத்தில் மறுபடி கிழியும். பேஸ்ட், பேண்டேஜ் எல்லாம் புது சைலன்சர் கைக்கு வரும்வரை வண்டியை நகர்த்த மட்டும்.

வெல்டிங் அடிக்கத்தான் வேண்டும் என்றால் குழாயைக் கழற்றி வெளியே வைத்து அடியுங்கள். வண்டியிலேயே அடிப்பதானால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் மாட்ட வேண்டும். எர்த்தைத் தொலைவில் மாட்டினால் மின்சாரம் தனக்கு வசதியான வழியில், பேரிங் வழியாகவும் ஒயரிங் வழியாகவும் பாயும். டீசல் டேங்க், பிளாஸ்டிக் டீசல் குழாய், அடித்தளத்துப் பூச்சு இவை பக்கத்தில் இருந்தால் கட்டாயம் கூடாது.

கேள்வி: புது சைலன்சர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் டர்போ உள்ளது, இல்லாதது என்று இரண்டு அளவுக் குழாய் இருக்கலாம். குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். வெர்னியர் இல்லையென்றால் ஒரு நூல் போதும்: குழாயைச் சுற்றி நூலைக் கட்டி, நூலின் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம். நூல் 157 மில்லிமீட்டர் வந்தால் குழாய் 50 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் தவறினாலும் ஒன்று குழாய் நுழையாது, அல்லது எவ்வளவு கிளாம்ப் முறுக்கினாலும் புகை கசியும்.

சாதாரண இரும்பில் கறுப்புப் பெயிண்ட் அடித்தது சீக்கிரம் போய்விடும். அலுமினியப் பூச்சுள்ள இரும்பு பரவாயில்லை. குறுகிய தூரம் ஓடும் காருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் எங்கள் சிபாரிசு. பழைய சைலன்சரையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழாயின் வளைவு, மாட்டும் கொக்கிகளின் இடம், மொத்த நீளம் மூன்றையும் ஒப்பிடாமல் கடையை விட்டு நகராதீர்கள்.

கூடவே வாங்க வேண்டியவை: சைலன்சர் ரப்பர் ஒரு முழு செட், கிளாம்ப், ஃபிளாஞ்ச் (குழாய் முனைகளைப் போல்ட்டால் இணைக்கும் தட்டு) பேக்கிங், புது போல்ட் நட். ஸ்பிரிங் வைத்த போல்ட் இருக்கும் ஜாயிண்டானால் ஸ்பிரிங்கும் புதிதாக வாங்குங்கள். பழைய ரப்பரில் புது சைலன்சரைத் தொங்கவிடுவது வீண் சிக்கனம். ஒரு ரப்பர் அறுந்தால் மற்ற ரப்பர்களின் மேல் பாரம் கூடி, கடைசியில் குழாயின் வெல்டிங் விரிசல் விடும்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றலாம் என்றிருக்கிறேன். கருவிகள் உண்டு, ஓரளவு கைப்பழக்கமும் உண்டு. முறையைச் சொல்லுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகள்தான் பயமுறுத்துகின்றன.

பதில்: பயப்பட வேண்டியது போல்ட்டுக்கு அல்ல, ஜாக்குக்கு. சமதளமான கெட்டித் தரை, முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை, தூக்கிய பிறகு பாடிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. போல்ட்டை முறுக்கும்போது வண்டி அசையும். சறுக்கும் ஜாக்குகள் அப்போதுதான் சறுக்குகின்றன. அசைத்துப் பார்த்து, வண்டி ஸ்டாண்டில் நன்றாக உட்கார்ந்த பிறகே உள்ளே போங்கள்.

போல்ட்டுக்கான வேலை முந்தின நாள் மாலையே ஆரம்பிக்கிறது. பலர் துருவின் மேலேயே ஸ்பிரே அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். எண்ணெய் துருவை நனைக்குமே தவிர மரைக்குள் இறங்காது. முதலில் கம்பி பிரஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு துரு இளக்கும் எண்ணெய். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மறுநாள் காலையில் மூன்றாவது முறை.

கழற்ற ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. பன்னிரண்டு முகமோ, திறந்த வாய் ஸ்பேனரோ அரித்த நட்டின் மூலையை வழித்துவிடும். பெரும்பாலும் 13 மில்லிமீட்டர் நட் இருக்கும். ஆனால் துரு தின்றதால் 12 கூட இறுக்கமாகப் பிடிக்கலாம். அப்படியானால் 12ஐச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். முதல் அசைவு கழற்றும் பக்கம் வேண்டாம். இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்து, ‘டக்’ என்று துரு விடுபட்ட பிறகு கழற்றுங்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. நேரம் எடுக்கும். ஒரே மூச்சில் கழற்றினால் துருத்தூள் மரையில் சிக்கி போல்ட் முறிந்துவிடும்.

சொருகு ஜாயிண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் குழாயைப் பிடித்து முறுக்கி இழுக்காதீர்கள். அந்த இழுப்பு முழுவதும் முன்னால் உள்ள ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குத்தான் போகும். பழைய சைலன்சரோ எப்படியும் குப்பைக்கு. ஆகவே வெளிக்குழாயை நீளவாக்கில் கிரைண்டரால் கீறி, அதில் உளியை வைத்துத் தட்டினால் வாழைப்பூ மடலைப் பிரிப்பதுபோல விரிந்து வந்துவிடும். வெட்டு உள்குழாயில் இறங்கக் கூடாது. புது சைலன்சர் உட்காரப்போவது அதன் மேல்தான். கிரைண்டர் பொறி டேங்க் பக்கம் பறக்காமல் ஈரச் சாக்கைக் குறுக்கே கட்டுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் தொடங்க வேண்டாம். உள்ளே இருக்கும் கரி சாதாரணத் தூசி அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 2012இல் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது.

ரப்பரைக் கொக்கியிலிருந்து இழுக்கச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் தடவினால் சுலபமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் புது ரப்பரில் அதே எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மெதுவாகிவிடும். கடைசி ரப்பரைக் கழற்றும் முன் நடுக்குழாயை ஒரு கம்பியால் பாடியோடு கட்டித் தொங்கவிடுங்கள். பின் அச்சுக்கு மேலே குழாய் வளைந்து போகும் வண்டியானால், பாடியைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டால்தான் குழாய் வெளியே வர இடம் கிடைக்கும்.

இனி பூட்டுதல். உள்குழாயின் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்கவும். சைலன்சர் பேஸ்ட்டை உள்குழாயின் வெளிப்பக்கம் மெல்லியதாகத் தடவவும். வெளிக்குழாயின் உள்ளே தடவினால் சொருகும்போது பேஸ்ட் வழித்துக்கொண்டு உள்ளே போய் அடைக்கும். சைலன்சரில் அம்புக்குறி இருந்தால் அது பின்பக்கம் பார்க்க வேண்டும். வடிதுளை இருந்தால் அது கீழே வர வேண்டும். குறைந்தது 40 மில்லிமீட்டராவது குழாய் குழாய்க்குள் ஏற வேண்டும்.

எல்லா ரப்பரையும் மாட்டுங்கள். எந்த கிளாம்ப்பையும் இப்போதே இறுக்காதீர்கள். தன் பாரத்தில் சைலன்சர் எங்கே வந்து நிற்க விரும்புகிறதோ அங்கே முதலில் நிற்கட்டும். பிறகு அடித்தளத்துக்கும் சைலன்சருக்கும் சுற்றிலும் 20, 25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், டேங்க் எதன் மேலும் சாயவில்லையா என்று பார்த்துவிட்டு, இன்ஜின் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பின்னாலிருந்து முன்னால் இறுக்கினால் எல்லாக் கோணலும் ஃப்ளெக்ஸிபிள் பைப்பில் போய்ச் சேரும். கார் கையேட்டில் அளவு சொல்லியிருந்தால் அதுதான் முடிவு. இல்லையென்றால் 8 மில்லிமீட்டர் போல்ட் உள்ள யு கிளாம்ப்புக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் முறுக்கினால் கசிவு குறையாது, குழாய்தான் நசுங்கும். அடுத்த முறை பிரிக்கவும் முடியாது. அகலப் பட்டை கிளாம்ப் கிடைத்தால் அதையே போடுங்கள். மரையில் செம்பு கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், பேஸ்ட் இறுகட்டும். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, கிளாம்ப்புகளைச் சரிபார்த்துக் கொஞ்சம் இறுக்கவும்.

கேள்வி: ஃபிளாஞ்சில் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்துவிட்டது. முழுக் குழாயையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டியதில்லை. மிச்சத்தை அரத்தால் சமமாக்கி, நடுவில் பஞ்ச் அடித்து, 3 மில்லிமீட்டர் டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ஃபிளாஞ்சின் மறுபக்கம் ஸ்பேனர் நுழையும் என்றால் 8.5 மில்லிமீட்டரில் முழுவதும் துளைத்து, 8 மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும் போட்டுவிடலாம். ஸ்பிரிங் ஜாயிண்டாக இருந்தால் மட்டும் சாதாரண போல்ட் கூடாது. இன்ஜின் ஆடும்போது மடங்கிக்கொடுக்கத்தான் அந்த ஜாயிண்டே இருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இறுக்கிக் கட்டினால் சில மாதத்தில் வேறோர் இடத்தில் குழாய் விரியும்.

கேள்வி: புது சைலன்சர் போட்டு ஒரு வாரம். நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் ‘டடடட’ என்று அடிக்கிறது. ஓடும்போது இல்லை. போட்டவர் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்கிறார்.

பதில்: அந்த இறுக்கமே காரணமாக இருக்கலாம். சைலன்சர் தொங்க வேண்டிய பொருள். இரும்புக்குழாய் சூட்டில் நீளும். 2 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளம் கூடும். ஆறிய வண்டியில் விரல் நுழையும் இடைவெளி, சூடான வண்டியில் இல்லாமல் போய்விடும். குழாய் பாடியைத் தொட்டு அடிக்கும். டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போதுதான் அதிகமாகக் குலுங்கும். அதனால்தான் ஓட்டத்தில் கேட்கவில்லை.

வண்டியைச் சூடேற்றிக்கொண்டு வந்து, நிறுத்தி, எங்கே தொடுகிறது என்று பாருங்கள். தொடும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளிச்சென்ற ஒரு புள்ளி இருக்கும். பிறகு எல்லா கிளாம்ப்பையும் தளர்த்தி, மேலே சொன்னபடி முன்னிருந்து பின்னாக மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். வெப்பத்தடுப்புத் தகடு ஒன்று தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். தகட்டைக் கையுறை போட்ட கையால் அழுத்தினால் சத்தம் நிற்கும். இரண்டும் இல்லையென்றால் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். மவுண்ட் ரப்பர் நசுங்கிப்போன வண்டியில் எத்தனை சைலன்சர் மாற்றினாலும் ஜாயிண்ட் விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: புது சைலன்சரிலிருந்து புகை வருகிறது. தண்ணீரும் சொட்டுகிறது. பழுதா?

பதில்: இல்லை. தகட்டின் மேல் உள்ள எண்ணெயும் பூச்சும் முதல் சூட்டில் எரியும். பதினைந்து, இருபது நிமிடத்தில் நின்றுவிடும். தண்ணீர் சொட்டினால் நல்லது, உள்ளே தங்கி அரிக்காமல் வெளியேறுகிறது.

கேள்வி: எப்படியும் மாற்றப்போகிறோம். நேர்க்குழாய் மாதிரியான ‘ஃப்ரீ ஃப்ளோ’ போட்டால் பழைய டீசல் இன்ஜினுக்கு இழுவை கூடுமா?

பதில்: கூடும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். உங்கள் இன்ஜினின் இழுவையைத் தீர்மானிப்பது பம்ப் கொடுக்கும் டீசலும் அதற்கு ஈடான காற்றும். அடைப்பில்லாத ஒரிஜினல் சைலன்சர் அதைத் தடுப்பதில்லை. கிடைக்கக்கூடியது அற்பம். இழப்பதோ தினமும் காதில் கேட்கும்: நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் நொடிக்கு 60 முறை வெடிக்கிறது. அந்த அடித்தொனியைத் துளையிட்ட குழாயும் கண்ணாடிப் பஞ்சும் விழுங்காது; அவை விழுங்குவது கீச்சுச் சத்தத்தை மட்டும். அடித்தொனியை அடக்கத்தான் ஒரிஜினல் சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்து, ஒலியை எதிரொலிக்கவைத்து ஒன்றையொன்று அழிக்கச் செய்திருக்கிறார்கள். நேர்க்குழாயில் நீண்ட பயணம் போனால் தலைக்குள் ஒரு ரீங்காரம் விடாமல் நிற்கும்.

இழுவை உண்மையிலேயே குறைந்திருந்தால், பழைய சைலன்சருக்குள் தடுப்புத் தகடு விழுந்து வழியை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டர்போ வண்டியில் அப்படி அடைத்தால் கரும்புகையும் சூடும் கூடும். அப்போது புது ஒரிஜினல் போட்டாலே போன இழுவை திரும்பி வரும்.

கேள்வி: சைலன்சர் மாற்றிய பிறகு, பின் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்தால் காருக்குள் புகை வாடை வருகிறது. பின்சீட்டில் குழந்தைகள் உட்காருவார்கள்.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். சரியாகும்வரை குழந்தைகளை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடும் நுண்கரியும் வேறு.

முதலில் டெயில் பைப்பின் நுனியைப் பாருங்கள். ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகும். பைப் பம்பருக்கு உள்ளேயே முடிந்தால் புகை அந்தச் சுழலில் சிக்கித் திறந்த கண்ணாடி வழியாக உள்ளே வரும். நுனி பம்பரின் விளிம்பைத் தாண்டி 2, 3 சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாற்று சைலன்சர் குட்டையாக இருந்தால் கடையில் சொல்லி நீளமான டெயில் பைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, முதல் பதிலில் சொன்ன புளோயர் சோதனை. அதிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால் டிக்கியின் ரப்பர் பீடிங்: ஒரு காகிதத்தை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் காகிதம் உருவிக்கொண்டு வருகிற இடத்தில்தான் புகை நுழைகிறது. டிக்கியின் தரையில் உள்ள ரப்பர் மூடிகளில் ஏதாவது விழுந்துவிட்டதா என்றும், ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.